கொடி மாறியபோதும் மாறாத பென்ஷன்

முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வருஷத்துக்கு ஒருமுறை, நவம்பர் மாதத்தில், நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு ரங்கப்பிள்ளை வீதித் தலைமை அஞ்சலகத்துக்குப் போவார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் பென்ஷன் புத்தகம், ஆதார் அட்டை, மூக்குக் கண்ணாடி. தான் உயிரோடு இருப்பதாகச் சொல்லிவிட்டு வருவதுதான் வேலை. இப்போது தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல்ரேகை எடுத்து உயிர்வாழ் சான்று வாங்கித் தருகிறார் என்று சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. "அவரு வேலை பாத்த ஆபீசு. வருசத்துக்கு ஒருவாட்டியாவது போயி நிக்கணும்" என்றார்.

அவர் என்பது தபால்காரராக இருந்த அவருடைய கணவர். முப்பது வருஷத்துக்கு மேல் சைக்கிளில் பீட் சுற்றியவர். ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் பென்ஷன் வாங்கினார், போய்ச் சேர்ந்தார். ஒருநாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டே பெரியம்மா சொன்ன வார்த்தை எனக்கு மறக்கவில்லை: "அவரு போயி பதினாறு வருசம் ஆச்சு. இன்னும் மாசாமாசம் அவருதான் எனக்குச் சோறு போடறாரு."

அதே வீட்டில் மகனும் இருக்கிறார். அவரும் தபால்காரர்தான். அதே காக்கி, அதே பை, கிட்டத்தட்ட அதே தெருக்கள். ஆனால் அவர் மனைவி ஒருநாள் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியுமா என்பது யாருக்கும் தெரியாது. அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்துக்கும் மகன் சேர்ந்த காலத்துக்கும் நடுவில் ஒன்று செத்துப்போய்விட்டது. இந்தக் கட்டுரை அதற்கான இரங்கல்.

மறைந்த தேதி துல்லியமாகத் தெரியும். 2003 டிசம்பர் 22 அன்று மத்திய நிதி அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேரும் எவருக்கும், முப்படையினர் தவிர, பழைய ஓய்வூதியம் கிடையாது. டிசம்பர் 31 வரை சேர்ந்தவர்களுக்கு உண்டு. ஒரு நாள் இரவுதான் இடைவெளி. அந்த வேளையில் போராட்டம் பெரிதாக எழவில்லை. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் யாரும் எதையும் இழக்கவில்லை. இழக்கப்போகிறவர்கள் அப்போது இன்னும் வேலைக்கே வரவில்லை. குரல் கொடுக்க ஆள் இல்லாத நேரம் பார்த்து முடித்துவைத்த காரியம் அது.

செத்துப்போனது எது என்று சொல்லவேண்டும், ஏனென்றால் இன்றைக்கு முப்பது வயதில் இருப்பவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. 1972-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் ஓய்வூதிய விதிகளின்படியும் பின்னர் வந்த திருத்தங்களின்படியும், குறைந்தது 10 ஆண்டு பணி முடித்து ஓய்வுபெறும் ஊழியருக்குக் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பாதி, சாகும்வரை மாதாமாதம் உண்டு. அதற்காக அவர் சம்பளத்திலிருந்து ஒரு காசு பிடித்தம் கிடையாது. விலைவாசி ஏறினால் வேலையில் இருப்பவர்களைப் போலவே வருஷத்துக்கு இரண்டு முறை அகவிலைப்படி ஏறும். சம்பளக் கமிஷன் வந்தால் பென்ஷனும் திருத்தப்படும். 80 வயது ஆனால் 20 சதவீதம் கூட. 100 வயதைத் தொட்டால் பென்ஷன் இரட்டிப்பு. ஊழியர் இறந்தால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். அவரும் இறந்தபிறகு வீட்டில் கைம்பெண்ணாகவோ மணமாகாமலோ வருமானமின்றி ஒரு மகள் இருந்தால், விதிகளுக்கு உட்பட்டு அவளுக்கும் உண்டு.

இந்த விதிகளை எழுதியவர்கள் ஒரு வீட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். எண்பது வயதுக்குமேல் மருந்துச் செலவு கூடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கைம்பெண்ணாகத் திரும்பிவந்த மகள் ஒருத்தி எந்த வீட்டிலும் இருக்கக்கூடும் என்று தெரிந்திருக்கிறது.

இரக்கப்பட்டு யாரும் கொடுத்ததும் அல்ல அது. 1946 ஜூலையில் தபால்காரர்களும் கடைநிலை ஊழியர்களும் தொடங்கிய வேலைநிறுத்தம் நாடு முழுவதும் அஞ்சலை நிறுத்தியது. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் மறுபடியும் நிறுத்தினார்கள். 1968 செப்டம்பர் 19 அன்று ஒரே ஒரு நாள் நிறுத்தத்துக்காகப் பல ஊழியர்கள் உயிரையும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையையும் பறிகொடுத்தார்கள். அதில் தபால் தந்தித் துறையினர் முன்வரிசையில் நின்றார்கள். 1982 டிசம்பர் 17 அன்று டி.எஸ். நகரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பென்ஷன் என்பது எஜமானர் மனமிரங்கிப் போடும் கொடை அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்தத் தேதியைத்தான் நாடெங்கும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்குப் பென்ஷன் என்ற சொல்லின் கனம் மற்ற ஊர்க்காரர்களைவிட அதிகம் தெரியும். இங்கே "சொல்தா" என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். பிரெஞ்சுப் படையில் இருந்தவர். இந்தோசீனாவிலும் ஆப்பிரிக்காவிலும் அந்தக் கொடியின்கீழ் நின்றுவிட்டுத் திரும்பிவந்து இங்கே வீடு கட்டியவர். அவர் இறந்தபிறகும் மனைவிக்குப் பிரான்ஸிலிருந்து பணம் வந்துகொண்டே இருக்கும். ஒரு தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தால் மளிகைக் கடைக்காரர், பால்காரர், வட்டிக்குக் கொடுப்பவர் எல்லோருக்கும் அந்த வீட்டின்மேல் தனி நம்பிக்கை. ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் மெடல்களைக் குத்திக்கொண்டு நிற்கும் முதியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

அந்தப் பணம் ஏன் நிற்கவில்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. பிரெஞ்சிந்தியத் தபால்தலைகள் அத்தோடு வழக்கொழிந்தன. 1956 மே 28 அன்று இந்தியாவும் பிரான்ஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. பள்ளிக்கூடம், மொழி, குடியுரிமை என்று பலதும் பேசும் அந்த ஒப்பந்தம் ஊழியரின் வயிற்றையும் மறக்கவில்லை. இங்கே வேலை பார்த்த உள்ளூர் ஊழியர்களை இந்திய அரசு தன் பணியில் எடுத்துக்கொள்ள வேண்டும்; 1954 நவம்பர் 1-க்கு முன்பு அவர்களுக்கு இருந்த சம்பளம், விடுப்பு, ஓய்வூதிய நிபந்தனைகள் தொடரவேண்டும். பிரான்ஸ் நாட்டு பட்ஜெட்டிலிருந்து வந்த பென்ஷன்களைப் பிரான்ஸே கொடுக்கும், வாங்குபவர் இந்தியக் குடிமகனாகவே ஆகிவிட்டாலும் சரி. உள்ளூர் பட்ஜெட்டிலிருந்து வந்தவற்றை இந்தியா கொடுக்கும்.

யோசித்துப் பாருங்கள். கொடி மாறியது. சட்டம் மாறியது. துய்ப்ளே வீதி நேரு வீதியாயிற்று. நாணயமும் மாறியது. ஒரு சிப்பந்தியின் பென்ஷன் மட்டும் மாறக்கூடாது என்று இரண்டு நாடுகள் எழுதிக் கையெழுத்துப் போட்டன. ஒரு சாம்ராஜ்யமே மூட்டை கட்டியபோது அசையாமல் நின்ற உத்தரவாதத்தை, அதே ஊரில், சுதந்திர நாட்டின் அறிவிக்கை ஒன்று முடித்துவைத்தது என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

இதை எழுதும்போது தபால்காரரின் பை நினைவுக்கு வருகிறது. 1880-இல் மணியார்டர் வந்த நாளிலிருந்து இந்த நாட்டின் தபால்காரர்கள் மற்றவர்களின் பணத்தைத் தோளில் சுமந்துகொண்டு தெருத்தெருவாக நடந்திருக்கிறார்கள். முதியோர் பென்ஷன், துபாய்க்காரர் தம்பிக்கு அனுப்பிய பணம், மிலிட்டரி மகன் அம்மாவுக்கு அனுப்பியது எல்லாம் அந்தப் பையில். சம்பளமோ குறைவு. துப்பாக்கிக் காவலும் இல்லை. குருசுக்குப்பத்திலும் வைத்திக்குப்பத்திலும் கடன்காரர் வாசலில் நிற்கும் நாளில்கூட அந்தப் பையிலிருந்து பத்து ரூபாய் எடுக்காத மனிதர்கள் அவர்கள். நேர்மை அவர்களுடையது, சந்தேகமில்லை. அந்த நேர்மைக்கு அரசு ஒரு பிடிமானம் கொடுத்திருந்தது: இன்றைக்குக் கஷ்டம்தான், ஆனால் கடைசிவரை உன்னை விடமாட்டோம். கையில் சம்பளமாகக் குறைத்துக் கொடுத்ததை முதுமைக்குத் தள்ளிவைத்துக் கொடுத்தார்கள் என்றும் சொல்லலாம். தள்ளிவைத்த சம்பளம்தான் பென்ஷன் என்று தொழிற்சங்கக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

சம்பளம் வராவிட்டால் என்ன ஆகும் என்பதும் இந்த ஊருக்குத் தெரியாத விஷயமல்ல. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் 12 தொழிலாளர்களைச் சுட்டுக்கொன்றார்கள். அந்த ரத்தத்துக்குப் பிறகுதான் எட்டு மணிநேர வேலை இங்கே சட்டமானது. அப்படிப் போராடிய மில்கள் பிற்காலத்தில் அரசின் கைக்கு வந்தன. ரோடியர் மில் என்று நாங்கள் சொல்லும் ஏ.எஃப்.டி. தொழிலாளர்கள் 2013-லிருந்து லே-ஆஃபில் பாதிச் சம்பளத்தோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2020-இல் அதுவும் சுதேசி, பாரதி மில்களும் மூடப்பட்டன. பாப்ஸ்கோ, பாசிக் ஊழியர்கள் சம்பளம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்ததை எத்தனை முறை பார்த்தோம்! அந்த வீடுகளில் பிள்ளைகள் படிப்பை விட்டார்கள், நகைகள் அடகுக் கடையிலேயே மூழ்கின. அவர்களும் அரசு நிறுவனத்து ஊழியர்கள்தான். தபால் ஆபீசு வேலை என்றால் பெண் கொடுக்க ஏன் வரிசையில் நின்றார்கள் என்பது இந்தப் பின்னணியில்தான் விளங்கும்.

தபால் துறைக்கும் பணக் கஷ்டம் உண்டு. 2018–19 நிதியாண்டில் துறையின் பற்றாக்குறை சுமார் 15,000 கோடி ரூபாய். வருமானம் 18,000 கோடி அளவில். சம்பளத்துக்கு மட்டும் 16,600 கோடிக்குமேல். பென்ஷனுக்குக் கிட்டத்தட்ட 9,800 கோடி. பி.எஸ்.என்.எல்., ஏர் இந்தியா இரண்டையும்விடப் பெரிய நட்டம் என்று 2019-இல் பத்திரிகைகள் எழுதின. இதே கணக்கில் இன்னொரு வரியும் இருந்தது. ஓர் அஞ்சலட்டையைக் கொண்டுசேர்க்கத் துறைக்கு ஆகும் செலவு 12 ரூபாய்க்குமேல். அதை விற்கும் விலை 50 காசு. மீதி 11 ரூபாய் சொச்சத்தை ஏழைக்கும் கடிதம் எழுதும் உரிமை உண்டு என்பதற்காக நாடு ஏற்றுக்கொள்கிறது. ஏற்கட்டும், அது நல்ல செலவு. ஆனால் அந்த இடைவெளிக்கு "நட்டம்" என்று பெயர் வைத்து, அதற்குக் காரணம் தபால்காரரின் பென்ஷன் என்று விரல் நீட்டுவது நியாயமில்லை. பாலம் சுங்கம் வசூலிக்காததற்குப் பாலத்துக் கொத்தனாரைக் குறை சொல்வதுபோல.

உலகத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் 2006-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அஞ்சல் ஊழியர்கள் எதிர்காலத்தில் ஓய்வுபெற்றபின் ஆகும் மருத்துவச் செலவுக்குப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கவேண்டும் என்றார்கள், ஆண்டுக்கு ஐந்நூறு கோடி டாலருக்குமேல். அமெரிக்க அஞ்சல் சேவை நட்டத்தில் மூழ்குகிறது என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டதில் பெரும்பகுதி இந்தக் கட்டாயத்தால் வந்தது. 2022-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஊழியருக்குக் கொடுத்த வாக்கு எப்படிக் கணக்கு ஏட்டில் நட்டமாக மாறும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இத்தனை பற்றாக்குறையிலும் நம் தபால்காரருக்குச் சம்பளம் ஒரு மாதம்கூட நிற்காததற்குக் காரணம் ஒன்றுதான். அஞ்சல் இன்னும் அரசின் துறை. சம்பளம் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து வருகிறது. கல்லாவில் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதக் கடைசியில் வந்துவிடும். இதே துறையோடு ஒரே வீட்டில் இருந்தது தொலைபேசி. 1985-இல் பிரித்தார்கள். 2000 அக்டோபர் 1 அன்று அது பி.எஸ்.என்.எல். என்ற நிறுவனமானது. 2019 பிப்ரவரிச் சம்பளம் அதன் ஒன்றே முக்கால் லட்சம் ஊழியர்களுக்கு உரிய தேதியில் வரவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மாதக்கணக்கில் வரவில்லை. அந்த வருஷக் கடைசியில் விருப்ப ஓய்வுத் திட்டம். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் சுமார் 78,500 பேர் வெளியேறினார்கள். அண்ணன் துறையாகவே இருந்தான், தம்பி கம்பெனியானான். மாதச் சம்பளத்தின் பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு சகோதரர்களைக் காட்டினால் போதும்.

ஆக, சம்பளம் பிழைத்தது. பென்ஷன்தான் போனது.

அதன் இடத்தில் வந்த புதிய திட்டத்தில் ஊழியரின் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். அரசு முதலில் 10 போட்டது, 2019 ஏப்ரலிலிருந்து 14. பணம் சந்தையில் முதலீடாகிறது. ஓய்வுபெறும்போது கணக்கில் 40 லட்சம் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் குறைந்தது 40 சதவீதத்தை, அதாவது 16 லட்சத்தை, காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து மாதத் தொகை வாங்கவேண்டும். ஆண்டுக்கு 6 சதவீதம் கிடைத்தால் மாதம் 8,000 ரூபாய். அகவிலைப்படி கிடையாது. இருபது வருஷம் கழித்து எட்டாயிரத்துக்கு என்ன வாங்கமுடியுமோ அதுதான் மிச்சம். கையில் வரும் 24 லட்சம் வீட்டுக் கடனுக்கும் மகள் கல்யாணத்துக்கும் போய்விடும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததே. அதே ஊழியரின் கடைசி அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் பழைய விதிப்படி 25,000 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி, சாகும்வரை.

பக்கத்து வீட்டு மகனின் கதைக்கு வருகிறேன். அவர் நேராகத் தபால்காரர் ஆனவரல்ல. முதலில் ஈ.டி., அதாவது துறைக்கு வெளியே வைக்கப்பட்ட ஊழியர். இன்றைக்கு அவர்களுக்குக் கிராமின் டாக் சேவக் என்று பெயர். பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் கிளை அஞ்சலகத்தை நடத்துவதும் தபால் கொண்டுபோவதும் அவர்கள்தான். நாடு முழுக்க இரண்டரை லட்சம் பேருக்கு மேல். நாளுக்கு நாலைந்து மணிநேர வேலை என்று கணக்கு, அதற்கு ஒரு படி. 1977-இல் பி.கே. ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், இவர்கள் வகிப்பது அரசுப் பதவிதான் என்றது. பென்ஷன் மட்டும் வரவில்லை. 2018 மே 22 முதல் இரண்டு வாரத்துக்குமேல் வேலைநிறுத்தம் செய்துதான் கமலேஷ் சந்திரா குழு சிபாரிசு செய்த உயர்வைப் பெற்றார்கள். குறைந்த அளவுப் படி மாதம் 10,000 ரூபாயானது.

பக்கத்து வீட்டுக்காரர் அப்படிப் பன்னிரண்டு வருஷம் ஈ.டி.யாக இருந்து, துறைத் தேர்வு எழுதித் தபால்காரரானபோது 2004 தாண்டிவிட்டது. பன்னிரண்டு வருஷம் தபால் சுமந்த தோளுக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர் என்று பெயர். அந்த ஈ.டி. காலத்தைப் பென்ஷனுக்கு உரிய பணிக்காலத்தில் சேர்க்கமுடியாது என்று 2019 நவம்பரில் காந்திபா பெஹரா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. 2023 மார்ச்சில் ஒரு சிறு கதவு திறந்தது: 2003 டிசம்பர் 22-க்கு முன்பு விளம்பரமான பணியிடங்களில் பின்னால் சேர்ந்தவர்கள் பழைய திட்டத்துக்கு மாறலாம் என்றார்கள். சிலர் அதனால் பிழைத்தார்கள். அவர் பணியிடத்துக்கு அது பொருந்தவில்லை.

2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. 25 ஆண்டு பணி செய்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி. மனைவிக்கு அதில் 60 சதவீதம். விலைவாசிப் படியும் உண்டு. உத்தரவாதம் என்ற சொல்லை அரசு மறுபடியும் உச்சரித்ததே போராட்டங்களின் பலன்தான், அதை மறுக்கமாட்டேன். ஆனால் பிடித்தம் அப்படியே இருக்கிறது. தகுதி பெற்ற ஊழியர்களில் சிறு பங்கினரே இதைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய பென்ஷனில் ஊழியர் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை. கணக்குப் போடத் தெரியாத தபால்காரருக்கும் அது சரியாக வந்து சேர்ந்தது.

இனி இருப்பவர்களின் கவலை. 8-ஆவது சம்பளக் கமிஷனுக்கு 2025-இல் கொடுத்த வரையறையில், ஊழியர் பங்களிக்காத பென்ஷன்களுக்கு நிதி ஒதுக்கப்படாத செலவையும் கருத்தில் கொள்ளவேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. பெரியம்மா வாங்குவது அந்த வகைதான். பழைய பென்ஷன் புதியவர்களுக்கு இறந்தது. வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கும் சுமை என்ற பெயர் ஏட்டில் ஏறிவிட்டது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அஞ்சலட்டை இன்னும் 50 காசுதான். புதுச்சேரிக்கு மக்களவையில் ஓர் உறுப்பினர், மாநிலங்களவையில் ஓர் உறுப்பினர். இரண்டு அட்டை வாங்கி இருவருக்கும் எழுதுங்கள். கிராமின் டாக் சேவக்காகச் செய்த வருஷங்களைப் பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கச் சட்டம் கொண்டுவரச் சொல்லுங்கள். பழைய பென்ஷனைத் திரும்பக் கேளுங்கள். அந்த அட்டையைக் கொண்டுபோய்ச் சேர்க்கப்போகிறவர் அந்தப் பென்ஷன் கிடைக்காத ஒருவராக இருக்கக்கூடும்.